மண்ணிலிருந்து வந்த பித்தளை வில்லை: காசு மாதிரி இருக்கும், காசு இல்லை

இங்கிலாந்தில் உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு நடப்பவர்களுக்கும், லண்டனில் தேம்ஸ் ஆற்றங்கரைச் சேற்றில் பழம்பொருள் தேடுபவர்களுக்கும் அடிக்கடி கிடைக்கும் பொருள் ஒன்று உண்டு. வட்டமான, மெல்லிய பித்தளைத் தகடு. ஒரு பக்கம் சிலுவை வைத்த உருண்டை. மறுபக்கம் நடுவில் ஒரு ரோஜா, அதைச் சுற்றிக் கிரீடங்களும் பூக்களும். ஓரம் முழுக்க எழுத்துகள். பார்த்ததும் யாருக்கும் பழைய காசு என்றுதான் தோன்றும். ஆனால் எந்த ராஜாவின் பெயரும் அதில் இல்லை, என்ன மதிப்பு என்றும் போடவில்லை. எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் பல சமயம் எந்த மொழியிலும் அர்த்தம் வராது.

நாணயப் பட்டியலில் அதைத் தேடிப் பயனில்லை. அது கணக்குப் போடுவதற்காகவே செய்த வில்லை. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஜெட்டான் என்பார்கள். இந்தக் கட்டுரையில் கணக்கு வில்லை என்றே வைத்துக்கொள்வோம்.

கிடைத்த வில்லை எந்த ஊரில், எந்தக் காலத்தில் செய்தது என்று கண்டுபிடிப்பது நினைப்பதைவிட எளிது. ஆனால் படங்களை வைத்து ஒப்பிடுவதற்கு முன்னால், இதை வைத்து எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏன் மெல்லிசாக இருக்கிறது, ஏன் பித்தளை, ஏன் மதிப்பு போடவில்லை, எழுத்து ஏன் உளறுகிறது என்று எல்லாக் கேள்விக்கும் அங்கேதான் பதில் இருக்கிறது.

கோடு போட்ட பலகையில் ஒரு கூட்டல்

நடுக்கால ஐரோப்பாவில் கணக்கு ஏடுகளில் ரோமன் எண்களையே எழுதினார்கள். 278 என்று எழுத அதில் ஒன்பது எழுத்துகள் வேண்டும். இப்படிப்பட்ட எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதி, நாம் பள்ளிக்கூடத்தில் கூட்டுவது போலக் கூட்ட முடியாது. ஒன்று, பத்து, நூறு என்ற இடமதிப்பு அந்த எழுத்தில் இல்லை. அதனால் எழுதுவது ஏட்டில், கணக்குப் போடுவது மேசையில் என்று வேலையைப் பிரித்துக்கொண்டார்கள்.

மேசையிலோ பலகையிலோ துணியிலோ கிடைக்கோடுகள் இருக்கும். கீழே இருக்கும் கோடு ஒன்றுகளுக்கு. அடுத்தது பத்து, அதற்கு மேலே நூறு, அதற்கும் மேலே ஆயிரம். ஆயிரத்துக் கோட்டில் கண்ணுக்குத் தெரியும்படி சின்னதாக ஒரு சிலுவைக் குறி போட்டிருப்பார்கள். கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிக்கும் மதிப்பு உண்டு. ஒன்றுக்கும் பத்துக்கும் இடையில் வைத்தால் ஐந்து. பத்துக்கும் நூறுக்கும் இடையில் ஐம்பது. நூறுக்கும் ஆயிரத்துக்கும் இடையில் ஐந்நூறு.

278ஐ இதில் வைத்துப் பார்ப்போம். நூறின் கோட்டில் இரண்டு வில்லை. ஐம்பதின் இடைவெளியில் ஒன்று. பத்தின் கோட்டில் இரண்டு. ஐந்தின் இடைவெளியில் ஒன்று. ஒன்றின் கோட்டில் மூன்று. மொத்தம் ஒன்பது வில்லை. ரோமன் எண்ணில் இருந்த ஒன்பது எழுத்தும் ஒன்பது வில்லையாகப் பலகையில் இறங்கிவிட்டன. ஏட்டிலிருந்து பலகைக்கு மாற்ற மனக்கணக்கே தேவையில்லை. பலகை இவ்வளவு காலம் நிலைத்ததற்கு இந்தப் பொருத்தம் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

சரி, இதோடு 145ஐக் கூட்ட வேண்டும். நூறில் இன்னும் ஒன்று, பத்தில் இன்னும் நான்கு, ஐந்தின் இடைவெளியில் இன்னும் ஒன்று வைக்கிறோம். இப்போது பலகையில் நூறில் 3, ஐம்பதில் 1, பத்தில் 6, ஐந்தில் 2, ஒன்றில் 3. விதி இரண்டே இரண்டு. இடைவெளியில் இரண்டு சேர்ந்துவிட்டால் இரண்டையும் எடுத்துவிட்டு மேல் கோட்டில் ஒன்று வைக்க வேண்டும். கோட்டில் ஐந்து சேர்ந்துவிட்டால் ஐந்தையும் எடுத்துவிட்டு மேல் இடைவெளியில் ஒன்று வைக்க வேண்டும். ஐந்தின் இடைவெளியில் இருக்கும் இரண்டும் போய், பத்தின் கோட்டில் ஏழு ஆகிறது. ஏழில் ஐந்து போய் ஐம்பதில் ஒன்று ஏற, அங்கே இரண்டு, பத்தில் இரண்டு. ஐம்பதில் இருக்கும் இரண்டும் போய் நூறில் நான்கு. கடைசியில் நூறில் 4, பத்தில் 2, ஒன்றில் 3. விடை 423.

கழித்தலுக்கு இதையே திருப்பிச் செய்வார்கள். பெருக்கலும் வகுத்தலும்கூட உண்டு. அவற்றை வாத்தியார் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஜெர்மனியில் அப்படிச் சொல்லிக்கொடுத்தவர்களில் பெயர் பெற்றவர் ஆடம் ரீஸ. 1492இல் பிறந்து 1559இல் இறந்தவர். கோட்டுக் கணக்கைச் சாதாரண மக்களுக்கு ஜெர்மன் மொழியிலேயே எழுதிக் கற்பித்தார். கணக்கு சரி என்று அழுத்திச் சொல்ல "ஆடம் ரீஸ சொன்னபடி" என்று ஜெர்மானியர்கள் இன்றைக்கும் சொல்வதுண்டு.

பணக் கணக்குக்கு இன்னொரு வகை மேசை. இங்கிலாந்தில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அதற்கென்று பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று, அப்புறம் இருபது பவுண்டு, நூறு, ஆயிரம் என்று பத்திகள் பிரித்திருப்பார்கள். இங்கிலாந்து அரசுக் கருவூலமான எக்ஸ்செக்கரில் இப்படித்தான் நடந்தது. 1170களில் அங்கேயே வேலை பார்த்த ஒருவர் எழுதிவைத்த விவரம் கிடைத்திருக்கிறது. பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் மேசை. அதன் மேல் கோடு போட்ட கறுப்புத் துணி. மாவட்ட வரியைக் கொண்டுவரும் ஷெரீஃப் ஒரு பக்கம் உட்கார, கட்ட வேண்டியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்பதை அவர் கண்முன்னே வில்லை வைத்துக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் மேசையைப் பார்த்தால் தன் பாக்கி எவ்வளவு என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்போது கையில் இருக்கும் வில்லைக்கு வருவோம். வில்லைக்குச் சொந்த மதிப்பு கிடையாது. வைக்கும் இடம்தான் அதற்கு மதிப்பைத் தருகிறது. ஒரே வில்லை கீழே வைத்தால் ஒன்று, மேலே தள்ளினால் ஆயிரம். அதனால் அதில் எண் பொறிக்க அவசியமே இல்லை. ஒரு கணக்குக்குப் பத்து இருபது வில்லை வேண்டும், பெரிய அலுவலகத்துக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். அதனால் மலிவாக இருக்க வேண்டும். விரலால் தள்ள, எடுக்க, அடுக்க வசதியாகத் தட்டையாக, ஒரே அளவாக இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தால் போதும். மேலே என்ன படம், என்ன எழுத்து என்பதெல்லாம் வாங்குபவர் கண்ணுக்கு அழகாக இருக்கத்தான்.

முதலில் கழுவாதீர்கள்

பித்தளை என்றதும் புளியும் எலுமிச்சையும் எடுக்கக் கை போகும். வேண்டாம். மண்ணுக்குள் நானூறு ஐந்நூறு வருஷம் கிடந்த பித்தளையின் மேல் பச்சையும் பழுப்புமாக ஒரு படலம் உருவாகியிருக்கும். தேய்ந்துபோன எழுத்தின் வடிவம் பல சமயம் அந்தப் படலத்தில்தான் மிச்சமிருக்கும். புளிப்பு பட்டால் படலத்தோடு எழுத்தும் போய்விடும். பாலிஷ், கம்பிப் பிரஷ், வினிகர் எல்லாமே இதே நாசத்தைத்தான் செய்யும். ஒட்டியிருக்கும் சேற்றை மட்டும் சாதாரணத் தண்ணீரில் ஊறவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் மெதுவாக நீக்கி, நன்றாக உலர்த்தினால் போதும். வெளிர்பச்சை நிறத்தில் மாவு மாதிரி உதிர்ந்தால் உலோகம் உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டதை ஈரம் படாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டுவைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அடுத்து அளவு. விட்டத்தை மில்லிமீட்டரிலும் எடையைக் கிராமிலும் குறித்துக்கொள்ளுங்கள். அதிகம் கிடைக்கும் வில்லைகள் 20 முதல் 28 மி.மீ. விட்டத்துக்குள் இருக்கும். எடை பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கிராம், அல்லது கொஞ்சம் கூட. நம் ஊரில் 2009க்குப் பிறகு வந்த மஞ்சள் நிற ஐந்து ரூபாய் நாணயத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். 23 மி.மீ. விட்டம், 6 கிராம் எடை. கணக்கு வில்லை அதே அகலத்தில் இருந்துகொண்டு எடையில் கால்வாசிதான் வரும். தகடு அவ்வளவு மெல்லிசு. மண்ணில் கிடந்தவை வளைந்தும் விளிம்பு உடைந்தும் வருவதற்கு இதுவே காரணம்.

பிறகு படத்தைப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாத வில்லைகூட, டார்ச்சைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்தால் வாயைத் திறக்கும். வில்லையை மெதுவாகச் சுற்றிக்கொண்டே பார்த்தால் ஒவ்வொரு கோணத்திலும் சில எழுத்துகள் நிழலாக எழும். இரண்டு பக்கத்தையும் அப்படியே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து.

உருண்டையும் ரோஜாவும்: நியூரம்பர்க்

உங்கள் வில்லையில் சிலுவை வைத்த உருண்டை இருந்தால் வேலை பாதி முடிந்தது. அது ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துச் சரக்கு. இங்கிலாந்து மண்ணில் கிடைக்கும் கணக்கு வில்லைகளில் அதிகம் அதுதான்.

நியூரம்பர்க் உலோக வேலைக்குப் பெயர்போன ஊர். பித்தளையில் அங்கே செய்யாத பொருள் இல்லை. 1500ஐ ஒட்டி வில்லைத் தொழிலில் அந்த ஊர் முன்னுக்கு வந்தது. பிறகு இருநூறு வருஷத்துக்கு ஐரோப்பா முழுவதற்கும் வில்லை அனுப்பியது. மற்ற ஊர்க்காரர்களைவிட மெல்லிய தகட்டில், மலிவாக, மூட்டை மூட்டையாக அடித்தார்கள். போட்டியாளர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

அதிகம் கிடைக்கும் வகையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். ஒரு பக்கத்தின் நடுவில் சின்ன ரோஜா. அதைச் சுற்றி மூன்று கிரீடங்களும் மூன்று லில்லிப் பூக்களும் மாறி மாறி வரும். தேய்ந்த வில்லையில் கிரீடத்தையும் லில்லியையும் பிரித்தறிவது கஷ்டம். ஆனால் நடுவிலிருந்து ஆறு உருவங்கள் சக்கரம் போலச் சுற்றி நிற்பது மங்கலாகவாவது தெரியும். மறுபக்கத்தில் பேரரசர் கையில் பிடிக்கும் உலக உருண்டை. இடுப்பில் ஒரு பட்டை, மேலே சிலுவை. அதைச் சுற்றி ஒரு சட்டம். அந்தச் சட்டத்தில் மூன்று வளைவுகளும் மூன்று கூர்முனைகளும் மாறி மாறி இருக்கும். உருண்டை முழுசாகத் தேய்ந்துபோனாலும் இந்தச் சட்டத்தின் ஒரு வளைவும் ஒரு முனையும் தெரிந்தால் போதும், வகையைச் சொல்லிவிடலாம்.

வகை தெரிந்ததும் காலத்தைக் கண்டுபிடிக்க எழுத்தைப் பாருங்கள். இந்த வகையில் பழையவை, அதாவது 16ஆம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்தவை, பெயர் போடாதவை. அவற்றில் இருக்கும் எழுத்துகளுக்குப் பெரும்பாலும் பொருளே இல்லை. ஓரத்தை நிரப்ப எழுத்து மாதிரி இருந்தால் போதும் என்று அச்சில் வெட்டியவை. தலைகீழ் எழுத்து, திரும்பிய எழுத்து, ஒரே எழுத்து நாலைந்து தடவை என்று எல்லாம் வரும். முதல் தடவை வில்லையைப் பார்ப்பவர் இங்கேதான் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார். லத்தீனா, ரகசியக் குறியா என்று தேடிக்கொண்டே இருப்பார். படிக்க முடியவில்லை என்பதையே ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அரசன் வெளியிட்ட காசில் இப்படி ஒரு பிழை வந்திருந்தால் அச்சு வெட்டியவர் பதில் சொல்லியாக வேண்டும். வில்லையில் யாரும் கேட்கப்போவதில்லை.

1550களிலிருந்து பட்டறை முதலாளிகள் தங்கள் பெயரை வெட்ட ஆரம்பித்தார்கள். அங்கிருந்து நமக்கு வேலை சுலபம். மூன்று குடும்பங்களின் பெயரை மனதில் வைத்துக்கொண்டால் பெரும்பாலானவற்றைச் சமாளிக்கலாம்: ஷுல்டெஸ், க்ரௌவிங்கெல், லாஃபர். ஹான்ஸ் ஷுல்டெஸ் பெயர் இருந்தால் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டியது. லாஃபர் என்றால் பெரும்பாலும் 17ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்தையது. எல்லோரையும்விட அதிகம் அடித்துத் தள்ளியவர் இரண்டாம் ஹான்ஸ் க்ரௌவிங்கெல். 1586 முதல் 1635 வரை அவர் காலம். இங்கிலாந்தில் ஒரு வில்லையில் பெயரைப் படிக்க முடிந்தால், அது அவர் பெயராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

பெயரைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் காலத்து ரோமன் எழுத்தில் 'யூ' வரவேண்டிய இடத்தில் 'வி' வடிவமே இருக்கும். அதனால் 'க்ரௌ' என்ற ஒலியை நீங்கள் எதிர்பார்க்கும் எழுத்தில் தேடினால் கிடைக்காது. பெயருக்குப் பின்னால் நியூரம்பர்க் என்பதன் சுருக்கமாக மூன்று நான்கு எழுத்துகள் வரும். ஊர்ப் பெயர் தொடங்கும் 'என்' எழுத்தும் அதற்கடுத்த 'வி' வடிவமும் தெரிந்தால் ஊர் உறுதி.

மறுபக்கத்து வாசகங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஜெர்மன் மொழியில் சின்னச் சின்ன அறவாக்கியங்கள். கடவுளின் ஆசி செல்வம் தரும் என்று ஒன்று. கடவுளின் வார்த்தை என்றும் நிலைக்கும் என்று ஒன்று. இன்று கன்னத்தில் செம்மை, நாளை சாவு என்று இன்னொன்று. நாளெல்லாம் பணத்தை எண்ணும் மேசையில், விரல் படும் ஒவ்வொரு வில்லையிலும் இப்படி எழுதிவைத்தார்கள். லூதரின் சமயச் சீர்திருத்தம் பரவிய ஊர் நியூரம்பர்க் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த வாக்கியங்களின் தொனி புரியும்.

உருண்டை இல்லாத நியூரம்பர்க் வில்லைகளும் உண்டு. பாய்மரக் கப்பல் ஒரு பக்கம், சாய்சதுரத்துக்குள் நான்கு லில்லிகள் மறுபக்கம் இருந்தால் அது கப்பல் வகை. உருண்டை வகையைவிடச் சற்றுப் பெரியதாக இருக்கும். சிறகு வைத்த சிங்கம், அதாவது வெனிஸ் நகரத்துப் புனித மாற்கின் சிங்கம், இன்னொரு வகை. கிடைத்தால் நான் துள்ளிக் குதிக்கும் வகை வேறொன்று: ஒருவர் மேசையில் உட்கார்ந்து வில்லை வைத்துக் கணக்குப் போடுகிறார், மறுபக்கத்தில் சதுரத்துக்குள் ரோமன் எழுத்து வரிசை முழுவதும். வில்லை தன் வேலையைத் தானே படம் போட்டுக் காட்டுகிறது. அந்த மேசையையும் ஆளையும் தெரிந்துகொண்டால் வேறெதோடும் குழம்பாது.

அதற்கு முந்தியவை

உருண்டையும் இல்லை, கப்பலும் இல்லை, தகடும் கொஞ்சம் கனமாக இருக்கிறது என்றால் நியூரம்பர்க்குக்கு முந்திய காலத்தை நினைக்க வேண்டும்.

கணக்குக்கென்றே உலோக வில்லை அடிக்கும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தொடங்கியது. பிரெஞ்சு வில்லைகளில் லில்லிப் பூக்கள் பதித்த கேடயம், கிரீடம், டால்ஃபின், கொடி ஏந்திய ஆட்டுக்குட்டி போன்றவை வரும். பின்பக்கத்தில் பெரும்பாலும் நான்கு இதழ்ச் சட்டத்துக்குள் ஓர் அலங்காரச் சிலுவை, அதன் நான்கு கைகளின் முனையிலும் பூ. ஓரத்து எழுத்து லத்தீன். அதிகம் வருவது 'ஆவே மரியா கிராசியா ப்ளேனா'. தமிழ்க் கத்தோலிக்கர்கள் தினமும் சொல்லும் 'அருள் நிறைந்த மரியே வாழ்க' அதுதான். இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் தூர்னே நகரத்திலும் 15ஆம் நூற்றாண்டில் இதே மாதிரி நிறைய அடித்தார்கள். அவர்கள் பிரெஞ்சுப் படங்களைப் பார்த்துச் செய்தவர்கள். ஜெபத்தின் முதல் சொல்லே சுற்றிச் சுற்றித் திரும்ப வருவதும் எழுத்து குழம்புவதும் அங்கே சகஜம். பிரெஞ்சு எது, தூர்னே எது என்று பிரிப்பது பழகியவர்களுக்கே சிரமம். தொடக்கத்தில் இரண்டையும் சேர்த்து 14, 15ஆம் நூற்றாண்டு என்று குறித்துக்கொண்டால் தவறில்லை.

இங்கிலாந்தே தனக்கென்று அடித்தவையும் உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, மூன்று எட்வர்டுகளின் காலத்தில். இவற்றில் சில, அந்தக் காலத்து வெள்ளிப் பென்னியில் இருக்கும் அரசனின் முகத்தையே காட்டும். பென்னிக்கு அச்சு வெட்டப் பயன்பட்ட அதே உளிகளை வில்லைக்கும் பயன்படுத்தினார்கள். அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மேலே லேசாக வெள்ளி பூசினால் பென்னி என்று சந்தையில் தள்ளிவிடலாம். அதனாலோ என்னவோ, இந்த வில்லைகள் பலவற்றில் நடுவில் ஒரு குழியோ துளையோ குத்தியிருக்கிறார்கள். ஏமாற்றுவதைத் தடுக்கச் செய்ததாகவே அறிஞர்கள் கருதுகிறார்கள். ஆக, முகம் பென்னி மாதிரி, உலோகம் பித்தளை, நட்டநடுவில் ஒரு குழி என்றால் இங்கிலாந்து வில்லை. இது நியூரம்பர்க் சரக்கைவிட அரிது. கிடைத்தால் கட்டாயம் காட்டிப் பதிவு செய்யுங்கள்.

விளிம்போரத்தில் துளை இருந்தால் அது வேறு கதை. கணக்கு வேலை முடிந்த பிறகு யாரோ நூலில் கோத்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அல்லது துணியில் தைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில், 1607இல் ஆங்கிலேயர் குடியேறிய இடத்தில், க்ரௌவிங்கெல் பெயர் போட்ட வில்லைகள் தோண்டியெடுக்கப்பட்டிருக்கின்றன. துளையிட்டவையும் அவற்றில் உண்டு. மின்னும் பித்தளை என்பதால் அங்கிருந்த பழங்குடி மக்களோடு பண்டமாற்றுக்குப் போயிருக்கலாம் என்கிறார்கள்.

பிந்தியவையும், குழப்புகிறவையும்

வில்லையின் காலத்தை முடித்துவைத்தது எண்கள்தான். இந்தியாவில் பிறந்து அரபு நாடுகள் வழியாக ஐரோப்பா போன, சுழியமும் இடமதிப்பும் உள்ள எண்கள். 1202இலேயே பீசா நகரத்து லியோனார்டோ, நாம் ஃபிபொனாச்சி என்று சொல்பவர், அவற்றை எழுதி அறிமுகப்படுத்தினார். ஆனால் 1299இல் ஃபிளாரன்ஸ் நகரத்துப் பணமாற்று வணிகர் சங்கம் கணக்கேட்டில் அவற்றை எழுதக் கூடாது என்று தடை போட்டது. பழைய முறையும் புதிய முறையும் இருநூறு முந்நூறு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. தாளும் மையும் மலிவாகி, எழுதியே கணக்குப் போடலாம் என்று ஆன பிறகு 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பலகை மறைந்தது. ஜெர்மனியில் இன்னும் கொஞ்சம் தாமதம்.

நியூரம்பர்க்காரர்கள் கடையை மூடவில்லை. சீட்டாட்டத்தில் பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லைகளாக அவற்றையே சின்னதாக அடித்தார்கள். பிரெஞ்சு அரசன் பதினான்காம் லூயியின் முகம் போட்டவை நிறைய வரும். முகத்தைப் பார்த்ததும் பிரெஞ்சுக் காசு என்று முடிவு கட்டிவிடாதீர்கள், கீழே லாஃபர் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். பிரான்சில் நிலைமை நேர்மாறாக ஏறியது. அங்கே அரசவையும் அலுவலகங்களும் வெள்ளியில் வில்லை அடித்து, நூறு வில்லை கொண்ட பையாகப் புத்தாண்டுப் பரிசு கொடுத்தன. அவை அழகான பொருள்கள். வயலில் எதிர்பார்க்க வேண்டாம்.

இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டு ஆட்ட வில்லை ஒன்று நிறையப் பேரை ஆசை காட்டி ஏமாற்றுகிறது. மூன்றாம் ஜார்ஜ் அரசனின் தங்க கினி நாணயத்தைப் பித்தளையில் நகல் எடுத்தது. மஞ்சளாக மின்னும், கேடயம், முகம், ஆண்டு எல்லாம் இருக்கும். எடைதான் காட்டிக்கொடுக்கும். உண்மையான கினி எட்டு கிராமுக்கு மேல் இருக்கும். பித்தளை நகல் அதன் பக்கத்திலேயே வராது.

1648 முதல் 1672 வரை இங்கிலாந்துக் கடைக்காரர்கள் சில்லறைத் தட்டுப்பாட்டுக்காகத் தாங்களே அடித்த டோக்கன்களையும் வில்லை என்று நினைப்பதுண்டு. அவற்றில் கடைக்காரர் பெயர், ஊர்ப் பெயர், பல சமயம் அரைப் பென்னி என்ற மதிப்பு எல்லாம் தெளிவாக இருக்கும். மதிப்பு போட்டிருந்தால் அது கணக்கு வில்லை இல்லை. ஈயத்தில், முரட்டுத்தனமாக, ஒரு பக்கம் மட்டும் ஏதோ கீறியிருந்தாலும் இல்லை. தடித்து, ஒரு பக்கம் மட்டும் படம் இருந்தால் தங்கக் காசை நிறுத்துப் பார்க்கும் எடைக்கல்லாக இருக்கலாம். பின்னால் காது இருந்தாலோ, காது உடைந்த தழும்பு இருந்தாலோ பொத்தான்.

எங்கே காட்டுவது

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண நியூரம்பர்க் வில்லை சில பவுண்டுகளுக்கு மேல் போகாது. அதன் மதிப்பு எங்கே கிடைத்தது என்பதில்தான் இருக்கிறது. இன்று வெறும் புல்வெளியாக இருக்கும் இடத்தில் மூன்று நான்கு வில்லைகள் கிடைத்தால், அங்கே ஒரு காலத்தில் சந்தை கூடியிருக்கலாம், அல்லது கணக்கு எழுதும் அளவுக்குப் பெரிய வீடோ மடமோ இருந்திருக்கலாம். இடத்தைக் குறிக்காமல் டப்பாவில் போட்டுவிட்டால் அந்தச் செய்தி அங்கேயே செத்துவிடும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நிலச் சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் தேடக் கூடாது. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுவது 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தேம்ஸ் கரையில் தேட லண்டன் துறைமுக ஆணையத்தின் அனுமதிச் சீட்டு வேண்டும். தனியாகக் கிடைக்கும் பித்தளை வில்லை 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்துக்குள் பொதுவாக வராது. ஆனால் பல பொருள்கள் ஒன்றாகக் குவியலாகக் கிடைத்தால் அங்கேயே கையை எடுத்துவிட்டுத் தகவல் சொல்லுங்கள். ஸ்காட்லாந்தில் சட்டம் வேறு, பழம்பொருள் எதுவானாலும் அறிவித்தே ஆக வேண்டும். பிரான்சில் தேடுவதற்கே அரசின் முன் அனுமதி வேண்டும்.

இங்கிலாந்து, வேல்ஸில் கிடைப்பவற்றைப் பதிவு செய்ய 1997இல் தொடங்கிய போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம் இருக்கிறது. அந்தந்த வட்டாரத்தில் அதற்கென்று அலுவலர்கள் இருக்கிறார்கள். பொருளை வாங்கிப் பார்த்து, அடையாளம் சொல்லி, பதிவு செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அவர்களின் தளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் படத்தோடு இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் தேடலாம். உங்கள் வில்லையை வைத்துக்கொண்டு ஒப்பிட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. அலுவலரிடம் போகும்போது இரு பக்கத்துப் படம், விட்டம், எடை, இவற்றோடு கிடைத்த இடத்தின் வரைபட எண்ணையும் கொண்டுபோங்கள். போனில் இருக்கும் ஜிபிஎஸ் போதும், ஆனால் வில்லை மண்ணிலிருந்து வெளியே வந்த அந்த நிமிஷமே குறித்துக்கொள்ள வேண்டும்.